கொல்லிமலை செஸ்ட்நட்!

போன மாசம் சென்னையில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ஓசி ஏ.ஸி. வாங்கிக்கொண்டிருந்தேன். (வெயிலுக்கு வேற வழி?) வெளிநாட்டு அயிட்டங்களை அடுக்கிவைத்த ரேக்கில் ஒரு சின்ன பாக்கெட். உள்ளங்கை சைஸ்தான். மேலே சீன எழுத்து, கீழே இங்கிலீஷில் 'ரோஸ்டட் செஸ்ட்நட்'. சுட்டு, உரித்து, அப்படியே வாயில் போட்டுக்கொள்ள ரெடி. விலையைப் பார்த்ததும் பதறிப்போய்த் திருப்பி வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டிலும் இங்கிலீஷ் நாவல்களிலும் எத்தனை வருஷமாகக் கேள்விப்படுகிற அயிட்டம்! வாங்கிவிட்டேன்.

பார்க்கிங்கிலேயே பிரித்து ஒன்றை வாயில் போட்டேன். மெத்தென்று, மாவு மாதிரி... லேசான இனிப்பு... அட, இந்த ருசி எனக்குத் தெரியுமே! எங்கே, எங்கே என்று யோசித்துக்கொண்டே இரண்டாவதைக் கடித்தபோது மண்டைக்குள் பல்பு எரிந்தது.

பலாக்கொட்டை!

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஆசையாக உட்கார்ந்திருந்த ஒரு பையன். அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் நானும் ஒருத்தன்.

'கொல்லி' வந்தான்

வருஷம் 2003. நாமக்கல் பக்கம் ஒரு காலேஜ். முட்டை, லாரி, காலேஜ்... இந்த மூன்றும் அந்த ஏரியாவில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும். ஹாஸ்டலில் என் ரூம்மேட் கொல்லிமலைக்காரன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் அவன் ஊர். ஊர்ப் பேரே அவனுக்குப் பேராகிவிட்டது. எல்லோருக்கும் அவன் 'கொல்லி'.

முதல் நாளே ஒரு காமெடி. ஃபாரத்தில் இனம் என்ற இடத்தில் 'மலையாளி' என்று எழுதியிருந்தான். ''மச்சி, நீ கேரளாவா? மம்முட்டி கட்சியா, மோகன்லால் கட்சியா?'' என்று ஆரம்பித்துவிட்டோம். அவன் பொறுமையாக, ''இல்லடா, நாங்க தமிழ்தான் பேசுவோம். மலையில இருக்கறதால மலையாளி'' என்றான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பழங்குடிப் பட்டியலில் இருக்கும் ஒரு சமூகத்தின் பேர் அது. நாங்கள் எங்கே கேட்டோம்? ஒரு வருஷம் பூரா 'சேட்டா'தான்.

ஒரு திங்கள்கிழமை ஊரிலிருந்து வந்தவன், பையிலிருந்து அந்தத் தூக்கை எடுத்தான். ''அம்மா குடுத்துவிட்டுச்சு. எல்லாரும் எடுத்துக்கோங்கடா!'' உள்ளே உப்புப் போட்டு அவித்த பலாக்கொட்டை. மேலே ஒரு பொட்டலத்தில் தணலில் சுட்டது கொஞ்சம்.

ஒருத்தன் ஆரம்பித்தான்: ''டேய், பழத்தை அவனே முழுங்கிட்டு நமக்குக் கொட்டையைக் கொண்டாந்திருக்கான்டா!'' இன்னொருத்தன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, ''இன்னிக்கி நைட்டு இந்த ரூம்ல கேஸ் சிலிண்டர் வெடிக்கும்'' என்றான். ரூமே அதிர்ந்தது. நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கொல்லியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தூக்கை மூடினான். அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் ஒரு பாக்கெட் சிப்ஸ் வாங்கி வந்தான். மூன்று வருஷமும் சிப்ஸ்தான். அந்தத் தூக்கு திரும்ப மலையிறங்கி வரவேயில்லை.

அதே கொட்டையின் சீனத்து ஒன்றுவிட்ட தம்பியை நான் இத்தனை ரூபாய் கொடுத்து வாங்கிச் சாப்பிட்டு, ''வாவ்'' என்கிறேன். எங்கேயோ கணக்கு உதைக்கிறது இல்லையா? கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். சுவாரஸ்யமான சமாசாரம் எல்லாம் கிடைத்தது.

எது பாஸ் கொட்டை?

முதலில் ஒரு அதிர்ச்சி. தாவரவியல்காரர்களிடம் போய் 'நட்' என்றால் என்ன என்று கேளுங்கள். காயின் சுவர் முழுக்க இறுகி ஓடாகி, முற்றினாலும் தானாக வெடிக்காமல், பெரும்பாலும் உள்ளே ஒரே விதையோடு இருக்கும் 'பழம்'தான் நட் என்பார்கள். இந்த ரூல்படி பார்த்தால்...

பாதாம் அவுட். அது சதைக்கனியின் உள்ளே இருக்கும் விதை. முந்திரி அவுட். பிஸ்தா அவுட். வேர்க்கடலை? அது அவரை, துவரைக்குச் சொந்தக்காரன். தேங்காயும் நட் கிடையாது. நம் தீபாவளி டப்பாவில் இருக்கும் 'மிக்ஸட் நட்ஸ்'ஸில் ஏறக்குறைய எல்லாமே டுபாக்கூர்!

செஸ்ட்நட் மட்டும் நூறு சதவீதம் அக்மார்க் நட். ஓக், பீச் மரங்களின் குடும்பம். இந்தக் குடும்பம் தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை. அதனால்தான் நமக்கு இதற்கு ஒரு சொந்தப் பேர்கூட இல்லை. 'கஷ்கொட்டை' என்று சிலர் எழுதுகிறார்கள், யாரும் பேசுவதில்லை. உலகத்தில் சாப்பாட்டுக்கு முக்கியமானவை நாலு வகை: ஐரோப்பா, அமெரிக்கா, சீனா, ஜப்பான். இன்றைக்கு உலகத்திலேயே அதிகம் விளைவிப்பது சீனா.

இங்கேதான் ட்விஸ்ட். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அலர்ஜி எச்சரிக்கைக்காக 'மரக்கொட்டைகள்' என்று ஒரு லிஸ்ட் வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் அதைச் சுருக்கினார்கள். தேங்காயும் லிச்சியும் வெளியே போயின. கூடவே செஸ்ட்நட்டும் வெளியே! தாவரவியலில் அக்மார்க் நட், அலர்ஜி லிஸ்ட்டில் நட் இல்லை. நட்டே இல்லாத முந்திரி அதில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. (அலர்ஜி இருக்கிறவர்கள் இந்தக் காலத்தைப் படித்துவிட்டு டெஸ்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். டாக்டரைக் கேளுங்கள்.)

யார் தப்பு? யாருமே இல்லை. தாவரவியல்காரருக்குப் பூவும் காயும் எப்படி உருவாகின என்பது முக்கியம். அலர்ஜி ஆபீசருக்கு எது சாப்பிட்டால் தொண்டை வீங்கும் என்பது முக்கியம். அவரவர் வேலைக்கு அவரவர் லிஸ்ட். நம்ம ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெளியே கெட்டியாக இருந்தால் புல், உள்ளே வைரம் பாய்ந்திருந்தால் மரம் என்று தொல்காப்பியம் மரபியலில் பிரித்துவைத்தார்கள். அதன்படி பனையும் மூங்கிலும் புல்!

பேர் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று என்றும் நினைக்கக் கூடாது. 'வாட்டர் செஸ்ட்நட்' என்ற பேரில் இரண்டு பேர் உலாவுகிறார்கள். ஒன்று, வட இந்தியக் குளங்களில் மிதக்கும் கொடியில் கொம்பு முளைத்த மாதிரி காய்க்கிற சிங்காரா. இன்னொன்று, சைனீஸ் ஃபிரைடு ரைஸில் நறுக் நறுக்கென்று கடிபடுவது. அது கோரைப்புல் குடும்பத்தில் மண்ணுக்குள் விளைகிற கிழங்கு. இரண்டுக்கும் செஸ்ட்நட்டுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. 'ஹார்ஸ் செஸ்ட்நட்' என்று மூன்றாவது ஆள் ஒருத்தன் இருக்கிறான். பார்க்க அச்சு அசல் செஸ்ட்நட். ஆனால் விஷம். அப்படியே சாப்பிட்டால் ஆஸ்பத்திரிதான்.

சிங்காராவில் ஒரு சூப்பர் மேட்டர் உண்டு. நவராத்திரி விரதத்தில் வட இந்தியாவில் பலர் தானியம் தொட மாட்டார்கள். ஆனால் சிங்காரா மாவில் பூரி சுட்டு வெளுத்துக்கட்டுவார்கள். ஏனென்றால் அது தானியம் லிஸ்ட்டில் இல்லை! லிஸ்ட் எழுதினவன் வாழ்க!

மலையாளி என்ற பேரைப் பார்த்துக் கேரளா என்று முடிவு பண்ணினோமே... நாங்களும் வாட்டர் செஸ்ட்நட்டைப் பார்த்து ஏமாந்த கோஷ்டிதான்.

மலைக்காரன் சோறு

சரி, செஸ்ட்நட்டை யார் சாப்பிட்டார்கள்? கோட் சூட் போட்டவர்கள் அல்ல. இத்தாலி மலைகளிலும், பிரான்ஸைச் சேர்ந்த கோர்சிகா தீவிலும் கோதுமை சரியாக விளையாத சரிவுகளில் வாழ்ந்த ஏழை ஜனங்கள். அவர்களுக்கு அது நொறுக்குத்தீனி இல்லை, சோறு. செஸ்ட்நட் மரத்துக்கு அவர்கள் வைத்த பேர் 'ரொட்டி மரம்'.

காரணம் இருக்கிறது. பாதாமில் எடையில் பாதி கொழுப்பு. செஸ்ட்நட்டில் 100 கிராமுக்கு 2 கிராம்தான். மிச்சமெல்லாம் மாவுச்சத்தும் தண்ணீரும். நட் என்று பேர் வைத்துக்கொண்டு குணத்தில் அரிசி, கோதுமை பக்கம் நிற்கிற ஆள். பச்சைக் காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதனால் பாதாம் மாதிரி டப்பாவில் போட்டு வைக்க முடியாது, பூசணம் பிடித்துவிடும். மலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல் வீடு கட்டி, கீழே வாரக்கணக்கில் கங்கு மூட்டி, மேலே பரணில் செஸ்ட்நட்டைப் பரப்பிப் புகையில் காயவைத்தார்கள். அப்புறம் தோல் நீக்கி மாவாக அரைத்து, வருஷம் முழுக்கக் களி கிண்டினார்கள். ஆமாம்... களி!

பிரான்ஸில் இன்னொரு பாகுபாடு உண்டு. உள்தோல் பருப்புக்குள் நுழைந்து இரண்டாகப் பிரித்தால் அது 'ஷாத்தேன்ய்'. பிரிக்காமல் முழுசாக இருந்தால் 'மரோன்'. முழுசாக இருப்பதைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துத் தங்க நிறத் தாளில் சுற்றிப் பெரிய கடையில் விற்பார்கள். பிரிந்தது மாவுக்கும் கஞ்சிக்கும். ஒரே இனம்தான். உள்தோலை வைத்து ஒன்று வி.ஐ.பி., இன்னொன்று ஜெனரல் கம்பார்ட்மென்ட்.

அமெரிக்காவிலும் அப்பலாச்சியன் மலைக்காரர்களுக்கு இதுதான் துணை. தாங்கள் சாப்பிட்டதுபோக, பன்றிக்குத் தீனி, மிச்சம் கடைக்கு. 1904-ல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் சில மரங்கள் பட்டுப்போவதைக் கவனித்தார்கள். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை. அரை நூற்றாண்டுக்குள் 300 கோடிக்கு மேல் மரங்கள் காலி. ஒரு மலையின் சோற்றுப்பானை உடைந்துபோனது. அங்கே மரமே போய்விட்டது. நம்மிடம் மரம் நிற்கிறது. நாம்தான் அதன் கொட்டையைக் குப்பையில் போடுகிறோம்.

ரொட்டி மரம், சோற்று மரம், பலா மரம்

பலாவின் அறிவியல் பேர் 'ஆர்டோகார்பஸ் ஹெட்டரோஃபில்லஸ்'. இதில் ஆர்டோகார்பஸ் என்றால் கிரேக்க மொழியில் 'ரொட்டிப் பழம்'. அங்கே ரொட்டி மரம், இங்கே ரொட்டிப் பழம். எனக்கு லேசாகப் புல்லரித்தது.

இரண்டு பேரும் வேறு வேறு குடும்பம். பலா, அத்தி ஆலமர வகையறா. ஆனால் குணத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் முள் சட்டை. இரண்டு கொட்டையிலும் கொழுப்பு கம்மி, மாவு ஜாஸ்தி. (பலாக்கொட்டையில் கொழுப்பு 1 சதவீதத்தைச் சுற்றித்தான்.) இரண்டிலும் தண்ணீர் நிறைய. காய்ந்தால் முளைப்புத்திறன் செத்துப்போகும், ஈரமாக வைத்தால் முளைவிட்டுவிடும். இரண்டையும் தோலில் கீறாமல் நெருப்பில் போட்டால் டமால்! ஐரோப்பாவில் கத்தியால் பெருக்கல் குறி போடுவார்கள். நம் பாட்டிகள் ஒரு நசுக்கு நசுக்கிப் போடுவார்கள். டெக்னாலஜி ஒன்றுதான்.

பலாப்பழம் என்பது ஒரு பழமே இல்லை, தெரியுமா? நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாக ஒட்டி வளர்ந்த காலனி. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. கொட்டை இருக்கிற ஒவ்வொரு சுளைக்கும் ஒரு கொட்டை. ஒரு பழத்தில் 100-லிருந்து 500 வரை தேறும். எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் 20 கிலோ பழத்தில் 2 கிலோ கொட்டை. ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நாள் குழம்பு!

இலங்கையில் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். சிங்களத்தில் பலாவுக்கு 'பத் கஸ' என்று ஒரு பேர். அர்த்தம், சோற்று மரம். 1915 கலவர நேரத்தில் சிறைவைக்கப்பட்ட ஆர்தர் வி. டயஸ் என்பவர், நாடு பட்டினி கிடக்கக் கூடாது என்று பத்து லட்சம் பலாமரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். ஜனங்கள் அவருக்கு வைத்த செல்லப் பேர் 'கொஸ் மாமா'. அதாவது பலா மாமா! யாழ்ப்பாணத்து ஒடியற்கூழில் மீன், நண்டோடு பலாக்கொட்டையும் மிதக்கும். நம்ம ஊரில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் கருவாட்டுக் குழம்பில் பலாக்கொட்டை போட்டால் அன்றைக்குச் சோறு பத்தாது. முருங்கைக்காயோடு சாம்பார், கத்திரிக்காயோடு புளிக்குழம்பு, தேங்காய் போட்டுப் பொரியல்... லிஸ்ட் பெரிசு.

பச்சையாக மட்டும் தின்னக் கூடாது. புரதம் ஜீரணமாவதைத் தடுக்கிற சமாசாரம் அதில் இருக்கிறது. வெந்தால் அதன் பாச்சா பலிக்காது. வாயு விஷயம்? உண்மைதான், மறைக்க மாட்டேன். அதற்குத்தான் இஞ்சி, பூண்டு, பெருங்காயம் என்று முப்படையைப் பெரியவர்கள் துணைக்கு அனுப்பினார்கள்.

லேட்டஸ்ட் மேட்டரும் உண்டு. 2017-ல் பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பலாக்கொட்டையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்துப் பொடித்தார்கள். வந்த வாசனை... சாக்லேட்! கோக்கோவுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்க்கலாமா என்று பார்க்கிறார்கள். பலாக்கொட்டையிலிருந்து எடுக்கிற 'ஜாக்கலின்' என்ற புரதம், நம் உடம்பின் ஒருவகை எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்க லேப்களில் பயன்படுகிறது. ஹாஸ்டலில் நாங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துச் சிரித்த அதே கொட்டை.

பேர் மாறினால்...

ஒரு சாப்பாட்டின் தலையெழுத்தை அதன் பேர் மாற்றுமா? கொல்லிமலையிலேயே சாட்சி இருக்கிறது. அந்த மலையின் பழைய சோறு சாமை, தினை, கேழ்வரகு. சாமையில் மட்டும் சடஞ்சாமை, பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாச்சாமை என்று எத்தனையோ ரகங்களை அந்த ஜனங்கள் பிரித்துத் தெரிந்துவைத்திருந்தார்கள். எது சீக்கிரம் விளையும், எது மெதுவாக விளையும் என்பதெல்லாம் பாட்டிக்கு அத்துப்படி. அரசாங்கக் காகிதத்தில் இதெல்லாம் 'கோர்ஸ் சீரியல்ஸ்', அதாவது சொரசொரத் தானியம். ரேஷன் அரிசி வந்தது. கீழே இருக்கிற ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு மலையேறியது. காசு கொடுக்கிற பயிர், யாரைக் குறை சொல்ல? சாமைக் காடு சுருங்கியது. உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப்போன பெண்களும் அதற்குப் பெரிதாக அழவில்லை.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே விதை வங்கி, அரவை இயந்திரம் என்று ஊர்க்காரர்களோடு சேர்ந்து இதை மீட்கப் பாடுபட்டது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு காரியம் செய்தது. 'கோர்ஸ்' என்ற வார்த்தையைத் தூக்கிவிட்டு, 'நியூட்ரி சீரியல்ஸ்' என்று அரசிதழில் பேர் மாற்றியது. 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தானியம் அதே தானியம்தான். லிஸ்ட்டில் பேர் மாறியது, நட்சத்திர ஓட்டல் மெனுவில் சாமைப் பொங்கல் ஏறியது.

அதே 2018 மார்ச்சில் கேரளா பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. தமிழ்நாட்டுக்கும் பலாதான் மாநிலப் பழம். பங்களாதேஷுக்கு தேசியப் பழமே அதுதான். ஆனால் கவனியுங்கள், பழத்துக்குத்தான் பட்டம். கொட்டை இன்னும் குப்பை லிஸ்ட்டில்தான் இருக்கிறது.

தூக்கு திறந்தது

கொல்லிக்கு ஃபோன் பண்ணினேன். இப்போது மலையிலேயே வாத்தியாராக இருக்கிறான். செஸ்ட்நட் கதையைச் சொன்னேன். சிரித்தான். ''வாடா, சீஸன் இன்னும் முடியலை'' என்றான். அடுத்த வாரமே 70 வளைவும் ஏறினேன். (வயிற்றுக்குள் இருந்தது எத்தனையாவது வளைவில் வெளியே வந்தது என்பது ராணுவ ரகசியம்.)

சோளக்காடு சந்தையில் மலை மலையாகப் பலா. வியாபாரிகள் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டுக்குப் பின்னால் ஏழு மரம். ஒன்றில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. மரத்தடியில் விழுந்து சிதறிய பழங்கள், ஈக்கள். ''பறிக்கக் கூலி, இறக்கக் கூலி எல்லாம் பார்த்தா கட்டுப்படி ஆகலை. பாதி இப்படித்தான் போவுது'' என்றான்.

அவன் அம்மாவுக்கு வயசாகிவிட்டது. என்னை ஞாபகம் இல்லை. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பழம் அறுத்துக்கொண்டிருந்தார். சுளை ஒரு முறத்தில், கொட்டை மூன்று குவியலாக. ''எதுக்கும்மா மூணு?'' என்று கேட்டேன்.

''இது வருக்கன் கொட்டை கண்ணு, கெட்டியா இருக்கும், சுடறதுக்கு. இது கூழன் பழத்துக் கொட்டை, குழம்புல போட்டா கரைஞ்சு கெட்டிகொடுக்கும். இது நல்லா முத்தினது... செம்மண்ணைக் கொழைச்சுப் பூசி மூலையில வெச்சிட்டா மழைக்காலம் வரைக்கும் கெடாது. அப்ப காட்டுல ஒண்ணும் இருக்காதில்ல...''

தாவரவியல் லிஸ்ட், அமெரிக்கா லிஸ்ட், பிரான்ஸ் லிஸ்ட் எல்லாம் படித்துவிட்டுப் போனவனுக்கு இது நாலாவது லிஸ்ட். இதில் 'குப்பை' என்ற குவியலே இல்லை.

தணலில் சுட்ட கொட்டையை உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே இருந்தார். சூடு பொறுக்கவில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை. வாங்கிப்போயிருந்த செஸ்ட்நட் பாக்கெட்டை அவரிடம் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டு மென்று பார்த்தார். ''நல்லாத்தான் இருக்குது. ஆனா சுட்டு ரொம்ப நாள் ஆயிருச்சு போல'' என்றார். தீர்ப்பு வழங்கப்பட்டது!

கிளம்பும்போது கொல்லியிடம் சொன்னேன்: ''அன்னிக்கு ரூம்ல... ஸாரிடா.''

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ''அதெல்லாம் விடுடா. அன்னிக்கி அந்தக் கொட்டையை நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு வேலியோரமாக் கொட்டிட்டேன். தூக்கு காலியா இருக்கறதைப் பார்த்துட்டு அம்மா, எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு கேட்டுச்சு. ஆமாம்னு சொன்னேன். அதான் கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு'' என்றான்.

என்னிடம் பதில் இல்லை. உள்ளே போய் அவன் அம்மாவிடம், ''காலேஜ் படிக்கும்போது நீங்க குடுத்துவிட்டதை நாங்க சரியாச் சாப்பிடலைம்மா. இப்ப ஒரு தூக்கு நிறைய வேணும்'' என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் தூக்கு நிறைந்தது. அந்தப் பழைய எவர்சில்வர் தூக்குதான்.

இறங்கும்போது 70 வளைவிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இந்த வார ஹோம்வொர்க்

ஹாஸ்டல் மக்களே... அடுத்த தடவை பலாச்சுளை வாங்கினால் கொட்டையைத் தூக்கி எறியாதீர்கள். மேலே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்துவிட்டு, உப்புப் போட்டு, குக்கரில் மூன்று நாலு விசில். வெந்ததும் பிரவுன் தோலோடு அப்படியே சாப்பிடலாம். குழம்புக்கு என்றால் லேசாகச் சுரண்டிக்கொள்ளுங்கள். சுடுவதாக இருந்தால் முதலில் ஒரு கீறல், மறக்காதீர்கள். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைப்பது உங்கள் சௌகரியம்.

இன்னொரு ஹோம்வொர்க்கும் உண்டு. உங்கள் ரூமில் யாராவது ஊரிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்தால், அது எந்த லிஸ்ட்டில் வரும் என்று யோசிப்பதற்கு முன்னால் ஒன்றை எடுத்து வாயில் போடுங்கள். கமென்ட் அடிப்பதெல்லாம் அப்புறம். வாய் நிறைய இருக்கும்போது அடிக்கவும் முடியாது!

அடுத்த வாரம் பார்க்கலாம்... வர்ட்டா!